தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தையில் அப்பா தொடங்கிய துணிக்கடையை 11 வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். ஓர் ஓரத்தில் பூசைச் சாமானும் உண்டு. 2024 அக்டோபரில் 48,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்றேன். 2025 அக்டோபரில் 39,000தான் வந்தது. தோட்டத்து ஜனமே குறைந்துவிட்டது, இனி இந்தத் தொழில் தேறாது என்று மனம் சோர்ந்துவிட்டது. ஆனால் எங்களுக்குச் சரக்குக் கொடுக்கும் கிள்ளான் மொத்த வியாபாரி, நாட்டில் சில்லறை விற்பனை ஏறிக்கொண்டே போகிறது, பேப்பரிலேயே போட்டிருக்கிறான் என்கிறார். ஆகஸ்ட் நடுவில் 40,000 வெள்ளிச் சரக்கை இறக்கச் சொல்கிறார். 60 நாள் தவணை தருகிறாராம். துணைக்கு 30,000 வெள்ளி தனிநபர் கடன் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். மகன் டிக்டாக் லைவில் விற்கலாம் என்கிறான். கடந்த இரண்டு வருடப் பில் புத்தகத்தின் நகலை இணைத்துள்ளேன். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். பில் புத்தகத்தை ஒரு நாள்கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறீர்கள். தேதி போடாத பில் ஒன்றுகூட இல்லை. முப்பது வருடமாகக் கணக்காளராக இருக்கிறேன், இப்படி ஒரு சின்னக் கடைக் கணக்கு என் கைக்கு வருவது அபூர்வம். நீங்கள் கேட்டதற்கான பதில் முழுக்க அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது.

முதலில் உங்கள் சோர்வைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அக்டோபரோடு அக்டோபரை ஒப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் தீபாவளி 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. முந்தின வருடம் தீபாவளி வியாபாரம் கிட்டத்தட்ட முழுவதும் அக்டோபருக்குள் அடங்கிவிட்டது. பிந்தின வருடம் அதில் ஒரு கணிசமான பங்கு செப்டம்பரிலேயே நடந்திருக்கிறது. அக்டோபர் 20-க்குப் பிறகு உங்கள் கடையில் 2,600 வெள்ளிதான் விற்றிருக்கிறது. தீபாவளி முடிந்த பின் யார் துணி எடுப்பார்கள்?

அதனால் மாதத்தைத் தள்ளி வைத்துவிட்டு, தீபாவளிக்கு முந்தைய 35 நாளை மட்டும் கூட்டிப் பார்த்தேன். 2024-இல் செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 30 வரை 51,300 வெள்ளி. 2025-இல் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 19 வரை 47,900 வெள்ளி. குறைந்தது 3,400 வெள்ளி, நூற்றுக்கு ஆறரை. நீங்கள் பயந்ததோ நூற்றுக்குப் பத்தொன்பது. அப்பா கடையை மூடிவிடலாமா என்ற எண்ணம் வரை உங்களைக் கொண்டுபோனது அந்தத் தப்பான ஒப்பீடுதான். அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அந்த 3,400 ஏன் குறைந்தது என்பதும் புத்தகத்தில் தெரிகிறது. 2025-இல் கடைசி வாரம், அதாவது அக்டோபர் 13 முதல் 19 வரை, வியாபாரம் மந்தம். கடன் சீட்டுதான் அதிகம். இதற்கான காரணத்தைச் சம்பள நாளில் தேடுங்கள்.

நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெரிய மூட்டையைக் கட்டிக்கொண்டு புடவைக்காரர் ஒருவர் வருவார். சம்பளத்தன்று ஆபீஸ் வாசலில், கிராணி பணத்தை எண்ணிக் கொடுக்கும் இடத்துக்கு நாலடி தள்ளி நின்று தவணை வசூலிப்பார். என் அம்மாவின் நல்ல புடவைகள் எல்லாம் அவரிடம் மாதம் பத்து வெள்ளி கட்டி வாங்கியவை. அந்த மனிதர் எந்தத் தோட்டத்தில் எந்தத் தேதியில் சம்பளம் என்பதை மனப்பாடமாக வைத்திருந்தார். அவருடைய தொழிலின் பாதி அந்த ஞாபகத்தில் இருந்தது. உங்களுக்கும் அது வேண்டும்.

இன்று உங்கள் கடைக்கு வருபவர்களில் எத்தனை பேருக்குத் தோட்டத்துச் சம்பளம்? மலேசியாவிலேயே முதன்முதலாக, 1917-இல், வணிக முறையில் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதித் தோட்டங்களில் இன்று குலை வெட்டுபவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் பிள்ளைகள் ரவாங், சுங்கை பூலோ, ஷா ஆலம் என்று தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் போய் வருகிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் மாதக் கடைசியில், 25-இலிருந்து 31-க்குள். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு அடுத்த மாத முதல் வாரத்தில். சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் விதி.

இப்போது இதைத் தீபாவளித் தேதியோடு பொருத்திப் பாருங்கள். 2024-இல் தீபாவளி மாதக் கடைசியில் வந்ததால், அக்டோபர்ச் சம்பளத்தைப் பெருநாளுக்குள் வாங்கிவிட்ட தொழிற்சாலைக் குடும்பங்கள் பல. 2025-இல் அக்டோபர் 20. செப்டம்பர்ச் சம்பளம் வந்து இருபது நாள் ஓடியிருந்தது, வீட்டு வாடகையும் காடித் தவணையும் அதைத் தின்றிருந்தன. அடுத்த சம்பளம் தீபாவளி முடிந்த பிறகுதான். உங்கள் கடைசி வாரம் மந்தமானது இதனால்தான். ஜனம் குறைந்திருந்தால் 35 நாளும் ஒரே சீராகக் குறைந்திருக்கும். உங்கள் புத்தகத்தில் முதல் மூன்று வாரம் இரண்டு வருடமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது.

இந்த வருடம், 2026-இல், தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலைச் சம்பளம் ஒரு வாரம் முன்னதாகவே கையில் இருக்கும். தோட்டத்துச் சம்பளம் நவம்பர் 7-க்குள் வர வேண்டும். செம்பனை காய்ப்பு வழக்கமாகச் செப்டம்பர், அக்டோபரில்தான் உச்சத்தில் இருக்கும். எனவே எடைக்குக் கூலி வாங்குபவர்களுக்கு அக்டோபர்ச் சம்பளம் மற்ற மாதங்களை விடச் சற்றுக் கனமாகவே இருக்கும். ஆகவே பணம் வரும், ஆனால் தாமதமாக வரும். அக்டோபர் நடுவில் கடை வெறிச்சோடிக் கிடக்கலாம். அக்டோபர் 30 வெள்ளிக்கிழமை தொடங்கி நவம்பர் 7 இரவு வரை, அந்த ஒன்பது நாளில்தான் உங்கள் வருடமே இருக்கிறது. பக்கத்துக் கடைகள் அக்டோபர் 15-இல் பதறி விலையை இறக்கும்போது நீங்களும் இறக்கிவிடாதீர்கள். வேலைக்குக் கூடுதலாக ஆள் போடுவதானால் அந்த ஒன்பது நாளுக்குப் போடுங்கள். முந்தின வாரங்களில் வீட்டு ஆட்களே போதும்.

அடுத்து, பேப்பரில் வந்த கதை. புள்ளியியல் துறை மாதாமாதம் மொத்த, சில்லறை வணிகக் கணக்கை வெளியிடுகிறது. அது உண்மையான கணக்குதான். ஆனால் அதில் பேரங்காடி, மினிமார்க்கெட், பெட்ரோல், வீட்டுச் சாமான், இணைய வணிகம் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. செய்தியில் பெரும்பாலும் சொல்லப்படுவது வெள்ளி மதிப்பு. விலைவாசி ஏறினாலும் அந்த எண் ஏறும். அதோடு, இந்நாட்டு மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்கூட முழுதாக இல்லை. ஹரி ராயாவும் சீனப் பெருநாளும் அந்தக் கணக்கை அசைக்கும். தீபாவளி அதில் ஒரு சிறு மேடாகக்கூடத் தெரியாது. இந்த வருட அக்டோபர்க் கணக்கைப் போன வருட அக்டோபரோடு வைத்து, நம் துணிக்கடைகள் படுத்துவிட்டன என்று யாராவது சொல்லக்கூடும். நவம்பர்க் கணக்கு வந்ததும் எழுந்துவிட்டன என்பார்கள். இரண்டுமே தேதி மாறியதன் விளைவு. மொத்த வியாபாரி சொல்லும் ஏற்றத்துக்கும் உங்கள் கடை வாசலில் செருப்பைக் கழற்றும் குடும்பத்துக்கும் தொடர்பில்லை.

இனி 40,000 வெள்ளிச் சரக்கு. இதில்தான் எனக்கு உண்மையாகவே கவலை.

உங்கள் கொள்முதல் பில்லில் ஒரு சுடிதார் 45 வெள்ளி, விற்பது 75. மற்ற துணிகளிலும் ஏறக்குறைய இதே விகிதம்தான். அப்படியானால் 50,000 வெள்ளிக்கு விற்க உங்களுக்கு வேண்டிய சரக்கின் அடக்கம் 30,000. பழைய இருப்பில் நல்ல நிலையில் 7,000 வெள்ளி அடக்கத்துக்கு இருப்பதாகப் புத்தகத்தில் எழுதியிருக்கிறீர்கள். எனவே புதிதாக 23,000 வெள்ளிக்கு எடுத்தால் போதும். 40,000-க்கு எடுத்தால், பழையதையும் சேர்த்துத் தீர்க்க 78,000 வெள்ளிக்கு விற்றாக வேண்டும். அப்பா காலத்திலும் அந்தக் கடை பார்க்காத தொகை அது.

மிச்சமானால் என்ன, அடுத்த வருடம் விற்கும் என்று நினைப்பீர்கள். அந்தச் சுடிதாரையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வாங்கி ஏழு விற்றால் கையில் நிற்கும் காசு 75 வெள்ளி, அலமாரியில் மூன்று. ஆறே ஆறு வாங்கி ஆறையும் விற்றால் கையில் நிற்பது 180 வெள்ளி. அதிகம் விற்றவரை விட அளவாக வாங்கியவரிடம் இரண்டு மடங்குக்கு மேல் ரொக்கம். அந்த மூன்று சுடிதாரும் அடுத்த தீபாவளிக்குப் பழைய டிசைன் ஆகிவிடும். பஞ்சாபி சூட், லெஹங்கா எல்லாம் வருடத்துக்கு வருடம் கைமாதிரியும் கழுத்தும் மாறுகிறவை. பருத்திச் சேலை, வேட்டி, ஜிப்பா அப்படி இல்லை. வெள்ளை வேட்டியும் மஞ்சள் துணியும் மிஞ்சினால் தைப்பூசத்துக்குப் போய்விடும். மிஞ்சினாலும் மோசமில்லாத துணியில் கொஞ்சம் தாராளமாக இருங்கள், மிஞ்சினால் கழுத்தைப் பிடிக்கும் துணியில் கஞ்சத்தனம் காட்டுங்கள்.

60 நாள் தவணை பெரிய சலுகை போலத் தெரிகிறது. நாள்காட்டியில் எண்ணிப் பாருங்கள். ஆகஸ்ட் 15-இல் சரக்கு இறங்கினால் பணம் கட்ட வேண்டிய நாள் அக்டோபர் 14. உங்கள் கடைக்குப் பணம் வரத் தொடங்கும் நாளோ அக்டோபர் 30. போன வருடம் தீபாவளி 20-ஆம் தேதி என்பதால் அதே தவணை உங்களைக் கடிக்கவில்லை. இந்த வருடம் கடிக்கும். அந்தப் பதினாறு நாள் இடைவெளியை நிரப்பத்தான் 30,000 வெள்ளிக் கடன் உங்களுக்குத் தேவைப்படுவதாகத் தோன்றுகிறது. சரக்கைக் குறைத்து, தவணைத் தேதியை நவம்பர் 15 என்று எழுதி வாங்கிவிட்டால் கடனுக்கே வேலையில்லை. 11 வருடமாக ஒரு செக் கூடத் திரும்பாமல் கட்டியிருக்கிறீர்கள். அவர் உங்களை இழக்க விரும்பமாட்டார். தைரியமாகக் கேளுங்கள். தவணைத் தேதியை மாற்ற மறுத்தாரானால், முதல் சுற்றுக்கு உங்கள் கைப்பணத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு மட்டும் எடுங்கள்.

சுற்று என்று சொன்னேனே, அதை விளக்க வேண்டும். சேலைதான் முதலில் விற்கும், ஏனென்றால் ரவிக்கை தைக்க வேண்டும். உங்கள் ஊரில் தைக்கும் அக்காமார்கள் தீபாவளிக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு முன்பே இனி வாங்க முடியாது என்று கையை விரித்துவிடுவார்கள். அவர்களிடம் இப்போதே போய், எந்தத் தேதி வரை துணி வாங்குவார்கள் என்று கேட்டுக் கடைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு சேலை அசையாது. அதனால் ஆகஸ்ட் கடைசியில் 14,000 வெள்ளி அளவில் சேலை, பாவாடைத் துணி, அளவு சரிபண்ண வேண்டிய சூட் ஆகியவற்றை எடுங்கள். மிச்சம் 9,000 வெள்ளியை அக்டோபர் 10 வாக்கில், எந்த நிறம் ஓடுகிறது, எந்த வயசுப் பிள்ளைகளின் அளவு தீர்ந்துபோனது என்று பார்த்துவிட்டு நேரில் போய் எடுங்கள். பிள்ளைகள் துணியும் ஆண்கள் ஜிப்பாவும் கடைசிப் பத்து நாள் சரக்கு. பிள்ளை வளர்வதால் அம்மாமார்கள் அதை முன்கூட்டி வாங்குவதில்லை. இரண்டாம் சுற்றில் டிசைன் குறைவாகத்தான் கிடைக்கும். பரவாயில்லை. அந்த நேரத்தில் வருபவருக்கு அளவு இருந்தால் போதும்.

கடன் சீட்டைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்லவேண்டி இருக்கிறது. போன தீபாவளியின் 47,900-இல் 8,600 வெள்ளி கடன். அதில் 3,100 இன்னும் வரவில்லை. தோட்டத்துக் கடையில் கடன் இல்லை என்று பலகை மாட்ட முடியாது, எனக்குத் தெரியும். கடனுக்குத் துணி கிடைக்காவிட்டால் என் தங்கைகளுக்குப் பல தீபாவளிகளில் புதுத்துணியே இருந்திருக்காது. ஆனால் இந்த வருடம் சம்பளம் தீபாவளிக்கு முன்பே வருகிறது. அதனால் பாதியை முன்னால் கட்டச் சொல்லி, துணியை அவர்கள் பெயரில் கட்டி வைத்து, சம்பளத்தன்று மீதியைக் கட்டி எடுத்துப்போகச் சொல்லலாம். செப்டம்பரிலேயே இதை ஆரம்பித்தால், மாதம் 50 வெள்ளி கட்டும் குடும்பம் பெருநாளன்று கடனில்லாமல் உடுத்தும். வாங்கும் ஒவ்வொரு தொகைக்கும் இன்ன துணிக்கான முன்பணம் என்று ரசீது எழுதுங்கள். லாபம் சேர்த்துப் பணமாகத் திருப்பித் தருகிறேன் என்ற பேச்சு மட்டும் எந்தக் காரணத்தாலும் வேண்டாம். கூட்டு, அதாவது சீட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உரிமமின்றிப் பிறர் பணத்தை வைப்புத்தொகையாகப் பெறுவதும் அப்படித்தான். பழைய 3,100 பாக்கி உள்ளவர்களின் பெயரைச் சுவரில் ஒட்டுவது, வாட்ஸ்அப் குழுவில் போடுவது எதுவும் செய்யாதீர்கள். தனியாகக் கூப்பிட்டுப் பாதி கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பணம் தேவைப்பட்டால் தனிநபர் கடனுக்குப் போகாமல், சிறுதொழில் கடன் தரும் தெக்கூன் நிறுவனத்தின் ஸ்பூமி திட்டத்தையோ, அமானா இக்தியார் நிறுவனம் இந்தியப் பெண்களுக்கு நடத்தும் ‘பெண்’ (PENN) என்ற கடன் திட்டத்தையோ விசாரியுங்கள். அவை தொழிலுக்கென்றே வந்தவை. விண்ணப்பித்த உடனே பணம் கிடைக்கும் என்று நம்பி, அதை வைத்து இந்தத் தீபாவளிக்கு ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். அலோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரரிடம், ஒரு வாரத்துக்குக்கூட வாங்காதீர்கள்.

மகன் சொல்வதைத் தள்ளாதீர்கள், ஆனால் திசையை மாற்றுங்கள். அக்டோபர் 10-இல் இணையத் தளங்களில் 10.10 மலிவு விற்பனை. அந்த விலையோடு நீங்கள் மோத முடியாது. 2024 ஜனவரி முதல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்றாலும், அவை இன்னும் மலிவாகவே இருக்கும். ஆனால் 11.11 இந்த வருடம் தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் வருகிறது, அது உங்களைத் தொடாது. நவம்பர் 2-க்கு மேல் இணையத்தில் ஆர்டர் போட்டால் பெருநாளுக்குள் வந்து சேருமா என்ற பயம் எல்லாருக்கும் இருக்கும். வந்த துணி அளவு சரியில்லாவிட்டால் மாற்ற நேரம் இருக்காது. உங்கள் கடையிலோ போட்டுப் பார்க்கலாம், இடுப்பைப் பிடித்துத் தரலாம், மாலையில் வந்து மாற்றிக்கொள்ளலாம். மகனை லைவ் போடச் சொல்லுங்கள், ஆனால் நாடு முழுக்க விற்பதற்காக வேண்டாம். ஈஜோக், புக்கிட் ரோத்தான், கோலசிலாங்கூர் வரை இருக்கும் ஜனங்களுக்குக் கடையில் என்ன நிறம், என்ன அளவு இருக்கிறது என்று காட்டட்டும். கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் போய் தெங்கு கிளானா சாலையில் காடி நிறுத்த இடம் தேடும் குடும்பத்தில் பத்தில் ஒன்று உங்கள் கடைக்குத் திரும்பினாலே அந்த 3,400 வெள்ளி வந்துவிடும்.

பூசைச் சாமான் பக்கத்தில் பருப்பு, எண்ணெய் மாதிரி ஏதாவது வைத்திருந்தால் ஒன்று கவனியுங்கள். உள்நாட்டு வாணிப அமைச்சு தீபாவளிக்கு முன் பெருநாள் கால உச்சவரம்பு விலைப் பட்டியலை அறிவிக்கும். அதில் உள்ள பொருளுக்கு இளஞ்சிவப்பு விலைச் சீட்டு வைக்க வேண்டும். பட்டியலைப் பார்த்து மாட்டிவிட்டால் வேலை முடிந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி ஆண்டு 2026 முதல் மறுபடி ஜனவரிக்கு வந்துவிட்டது. கொஞ்ச வருடங்களாக மார்ச், பிப்ரவரி என்று தள்ளிப்போயிருந்த பள்ளிச் சீருடை வியாபாரம் திரும்பவும் டிசம்பருக்கு வருகிறது. தீபாவளிக் கல்லாப்பெட்டியை மூடிய மூன்றே வாரத்தில் வெள்ளைச் சட்டைக்கும் நீலப் பாவாடைக்கும் பணம் போட வேண்டி வரும். சீருடையில் லாபம் கம்மி, ஆனால் டிசைன் மாறாது, மிஞ்சினால் அடுத்த வருடமும் அதே விலைக்குப் போகும். தீபாவளி வசூலில் 8,000 வெள்ளியைத் தனியாக வங்கியில் போட்டு வைத்துவிட்டு, அதற்குப் பிறகு வீட்டுச் செலவுக்கு எடுங்கள். 40,000 வெள்ளிச் சரக்கில் மாட்டிக்கொண்டால் இந்தப் பணம் அலமாரியில் லெஹங்காவாகத் தொங்கும்.

பில் புத்தகத்தில் இந்த வருடம் ஒரு கோடு கூடுதலாகப் போடுங்கள். ஒவ்வொரு நாளும் ரொக்கம் எவ்வளவு, கியூஆர் மூலம் வந்தது எவ்வளவு, கடன் எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். உங்கள் 35 நாள் அக்டோபர் 4-இல் தொடங்குகிறது. முதல் வாரக் கணக்கைப் படம் பிடித்து அக்டோபர் 11 காலையில் எனக்கு அனுப்பினால், அடுத்த நாள் கிள்ளானுக்குக் கிளம்புமுன் இரண்டாம் சுற்றுக்கு 9,000 போதுமா, குறைக்க வேண்டுமா என்று சொல்லிவிடுகிறேன்.